எந்தத் தெரு?

ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த புதிதில் ஒரு குளிர்நாள். அங்கே உடன் படித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் அவரைப் பார்க்கப் போகிறார். இரவில் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டோடு சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன் என்கிறார் ராமானுஜன். கம்பளி இல்லையோ என்று கட்டிலைப் பார்த்தால், அடுக்கடுக்காக இருக்கிறது. ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகியிருந்ததால் எல்லாம் விரிப்பு என்று எண்ணி, அதன் மேலேயே படுத்திருக்கிறார் மனிதர். கம்பளியை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்று மகலனோபிஸ் செய்து காட்டினாராம்.

வேற்றுநாட்டுப் பண்பாடு என்று மேடையில் பெரிதாகச் சொல்கிறோம். அது முதலில் வந்து சேர்வது இப்படித்தான், ஒரு போர்வையாக.

அன்றைக்குக் கடல் தாண்டுவதே பெரும்பாடு. அம்மாவின் சம்மதம் கிடைத்து, குடுமியை எடுத்து, 1914 மார்ச் 17-இல் சென்னையில் கப்பலேறிய ராமானுஜன் லண்டனில் இறங்கியபோது ஏப்ரல் 14. கடிதமும் அதே கடலைத்தான் கடந்து வர வேண்டும். ஊர் அவ்வளவு தூரத்தில் இருந்தது. ஆனாலும் அவர் தன் அறையில் தானே ரசம் வைத்துச் சாப்பிட்டார். ஆகவே, தொலைவு ஒன்றே ஒருவரை மாற்றிவிடும் என்று அந்தக் காலத்தைக் கொண்டாட எனக்கு மனமில்லை.

அதே காலத்தில் இன்னொருவர் நியூயார்க்கில் இருந்தார். 1913-இல், 22 வயதில், பரோடா அரசரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போன அம்பேத்கர். மாதம் பதினொன்றரை பவுண்டு. அவர் அங்கே பொருளாதாரம் படித்தார், தத்துவம் படித்தார். ஆனால் வகுப்பில் சொல்லித்தராத ஒன்றுதான் அவரை ஆழமாகத் தொட்டது. எல்லாரும் உட்காரும் மேசையில் உட்காரலாம். தண்ணீர்ப் பானையைத் தொடலாமா என்ற கேள்வியே அங்கில்லை. தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே அந்த ஆண்டுகள் துடைத்துவிட்டிருந்தன என்று பின்னால் எழுதினார்.

1917-இல் பரோடாவுக்குத் திரும்பினார். உதவித்தொகைக்கு ஈடாக அங்கே வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ரயிலைவிட்டு இறங்கியதும் எங்கே தங்குவது என்ற கேள்வி. இந்து விடுதி சேர்க்காது. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் காலை தடியோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்தது. அன்று மாலைக்குள் காலிசெய்ய வேண்டியதாயிற்று. நண்பர்கள் இருவரைக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இரண்டு வீட்டிலும் இடமில்லை. பம்பாய் ரயில் வரும்வரை பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார், கொலம்பியாவில் முதுகலைப் பட்டம் வாங்கிய மனிதர். இதையெல்லாம் அவர் எழுதிய சிறுநூலின் பெயர் ‘வெய்ட்டிங் ஃபார் எ விசா’. அந்த விசா அமெரிக்காவுக்கானது அல்ல என்பதைப் புத்தகத்தைத் திறக்காமலே புரிந்துகொள்ளலாம்.

என் அக்கா மகளும் விசாவுக்குக் காத்திருந்தாள். பேங்க் லோன், தூதரகத்தில் நேர்காணல், அக்காவின் வேண்டுதல் எல்லாம் முடிந்து 2023-இல் நியூ ஜெர்சிக்கு எம்.எஸ். படிக்கப் போனாள். அந்தக் கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்தியர்கள் 3,31,602 பேர், சீனர்களைவிட அதிகம். விமானம் தரையைத் தொட்டதும் வாட்ஸ்அப்பில் ‘ரீச்ட்’ என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டைவிட்டுப் போனாளா என்பதே எனக்குச் சந்தேகம். ஆடிக்கூழ் ஊற்றுவதை வீடியோவில் பார்க்கிறாள். இட்லி மாவு கடையில் கிடைக்கிறது. ஒரே வீட்டில் நான்கு பெண்கள், நால்வரும் தமிழ்நாடு.

“மூணு மாசமா கிளாஸ்ல மட்டும்தான் மாமா இங்கிலீஷே பேசறேன்” என்றாள் ஒருநாள். பெருமையா, அலுப்பா, தெரியவில்லை.

ஊர் கூடவே வந்தால் ஊரின் எல்லாமும்தான் வரும். அந்த வீட்டில் இடம் கேட்டு வந்த புதுப் பெண்ணிடம், உடனிருந்த ஒருத்தி சொந்த ஊர் எது என்றாள், அப்புறம் எந்தத் தெரு என்றாள், குலசாமி எது என்றாள். இந்தக் கேள்விகளின் வரிசை நமக்கெல்லாம் மனப்பாடம். அம்பேத்கரால் மறக்க முடிந்த இடத்தில் இன்று அதற்கு எதிராக விதி எழுத வேண்டியிருக்கிறது: பாகுபாடு கூடாதென்ற பட்டியலில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இல் சாதியைச் சேர்த்தது, கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-இல். சியாட்டில் நகர மன்றம் 2023-இல் சட்டமே போட்டது. சூட்கேஸில் ஊறுகாய் பாட்டிலைத் துருவிப் பார்க்கும் சுங்க அதிகாரிக்கு இது கண்ணில் படுவதில்லை.

இரண்டாம் செமஸ்டரில் அவள் கல்லூரி உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. கூட வேலை செய்தவள் எத்தியோப்பியப் பெண். ஒருநாள் அவள் வீட்டிலிருந்து இஞ்செரா கொண்டுவந்தாள். டெஃப் என்ற தானியத்தை மாவாக்கிக் கரைத்து, நாள்கணக்கில் புளிக்கவைத்து, கல்லில் வட்டமாக ஊற்றி எடுப்பது. ஒரு பக்கம் முழுக்கக் கண் கண்ணாக இருக்கும். “நம்ம ஆப்பத்துக்கு அத்தை மக மாமா அது!” என்று அன்று இரவு போனில் ஒரே குதூகலம். ஒரே தட்டில் நாலு பேர் கைவைத்துச் சாப்பிடுவார்களாம். முதலில் தயங்கினாளாம், பிறகு சாப்பிட்டாளாம்.

அந்தப் பழக்கத்தில் ஒருநாள், வீட்டுக்கு வந்த புதுப் பெண்ணின் கதையை அந்த எத்தியோப்பியத் தோழியிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் ஏன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள் என்று தோழிக்குப் புரியவில்லை. தெருப் பெயரைக் கேட்டால் என்ன தப்பு?

“விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆச்சு மாமா. இங்கிலீஷ்ல இதையெல்லாம் நான் சொன்னதே இல்ல. எல்லாத்தையும் கேட்டுட்டு, அந்தப் பொண்ணுகிட்ட அப்படிக் கேட்டப்ப நீ என்ன பண்ணிட்டு இருந்தேன்னு கேட்டா.”

“என்ன சொன்ன?”

“பாத்திரம் நெறைய கெடந்தது மாமா. கழுவப் போயிட்டேன்.”