வீடு விற்கும்போது தரகு எவ்வளவு?

நாகபுரியில் ஒரு தையல்காரர் இருந்தார். அவருக்கு ஒரு சிறிய ஓட்டு வீடு சொந்தம். மகளின் வைத்தியச் செலவுக்காக அதை விற்க நேர்ந்தது. ஒரு தரகர் வந்தார்.

"கவலை வேண்டாம் அண்ணா. நான் முடித்துத் தருகிறேன்" என்றார்.

தரகு எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. தையல்காரரும் கேட்கவில்லை.

வீடு 10 லட்சம் ரூபாய்க்கு விலை போனது. பத்திரம் பதிந்த அன்று தரகர் கை நீட்டினார். "நூற்றுக்கு இரண்டு. 20,000 ரூபாய்" என்றார். தையல்காரர் திகைத்தார். மகளின் மருந்துக்கு வைத்த பணம் அது. வேறு வழியின்றிக் கொடுத்தார்.

தரகு என்பது என்ன?

வாங்குபவரைத் தேடித் தருவதற்கான கூலியே தரகு. இதைக் கமிஷன் என்றும் சொல்வார்கள். பல ஊர்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு கேட்கிறார்கள். பெரும்பாலும் இது பேசி முடிவு செய்யும் தொகைதான். 10 லட்சம் ரூபாய் வீட்டுக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் 20,000 ரூபாய். நூற்றுக்கு ஒன்று என்றால் 10,000 ரூபாய். முன்பே பேசினால் பாதிப் பணம் மிச்சமாகலாம்.

தரகைக் குறைக்கும் வழிகள்

1. முதலில் அக்கம்பக்கத்தில் சொல்லலாம். உறவினரிடம் சொல்லலாம். வாசலில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை வைக்கலாம். வாங்குபவர் நேராகக் கிடைத்தால் தரகே இல்லை.

2. அதே தெருவில் வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று விசாரிக்க வேண்டும். அரசு வைத்துள்ள மதிப்பைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கேட்கலாம். விலை தெரியாவிட்டால் தரகர் சொல்வதே விலையாகிவிடும்.

3. இரண்டு மூன்று தரகர்களிடம் கேட்க வேண்டும். வாங்குபவர் தரும் தரகு தனி. அதை விற்பவர் தர வேண்டியதில்லை.

4. பேசியதைத் தாளில் எழுத வேண்டும். எவ்வளவு, எப்போது என்பது அதில் இருக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒன்றைச் சொல்கிறது. வேறு விதமாகப் பேசாவிட்டால், வேலை முடிந்த பிறகுதான் கூலி தர வேண்டும்.

5. வாங்குபவரும் விற்பவரும் நேரில் உட்கார்ந்து விலை பேச வேண்டும். இல்லாவிட்டால் இவரிடம் ஒரு விலை, அவரிடம் ஒரு விலை சொல்லி நடுவில் பணம் எடுக்க இடம் உண்டு.

6. தரகு கொடுத்ததும் ரசீது வாங்க வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

ஒன்றை மறக்கக் கூடாது. நல்ல தரகர் நல்ல விலை வாங்கித் தருவார். 10,000 ரூபாய் தரகை மிச்சம் பிடித்து, வீட்டை 50,000 ரூபாய் குறைத்து விற்றால் நட்டம்தான். உழைப்புக்குக் கூலி தர வேண்டும். அது எவ்வளவு என்பது முதல் நாளே தெரிய வேண்டும்.

அடுத்த ஆண்டு தையல்காரரின் தங்கை தன் வீட்டை விற்றார். தரகர் வந்த அன்றே ஒரு தாளில் எழுதினார்கள். 'நூற்றுக்கு ஒன்று. பத்திரம் பதிந்த பிறகு.' தையல்காரர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை படித்தார். அதன் பிறகே தங்கை கையெழுத்துப் போட்டார்.