துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம்

விசையை இழுத்ததும் துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது? குதிரை என்னும் சுத்தியல் விழுகிறது. அடியூசி தோட்டாவின் பின்புறத்தில் மோதுகிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது. ஈயக் குண்டுகள் குழலை விட்டுப் பாய்கின்றன. இத்தனையும் ஒரு நொடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். கண் ஒருமுறை இமைக்கவே அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும். இவ்வளவு வேகமான பொறியைப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் எப்படி வைத்திருப்பது? சட்டம், பூட்டு, வேதியியல் மூன்றும் இதற்குச் சொல்லும் பதில் ஒன்றுதான்: அதை மெதுவாக்கு.

செம்பட்டியில் இந்தக் கேள்விக்கு நேரடிப் பொருள் உண்டு. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையும் பழனிக்குப் பிரியும் சாலையும் சந்திக்கும் ஊர் இது. மேற்கே பார்த்தால் கொடைக்கானல் மலைத்தொடர். கன்னிவாடிப் பக்கத்து அடிவாரத் தோட்டங்களுக்கு யானையும் காட்டுமாடும் காட்டுப்பன்றியும் இறங்கி வருகின்றன. இப்படிப் பயிரைக் காக்க வேண்டிய விவசாயியை மனத்தில் வைத்தே, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத் தனியாகக் குறிப்பிடுகிறது. தற்காப்புக்குக் கேட்டால், உட்புறம் வழவழப்பான, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட துப்பாக்கி. ஏன் 20 அங்குலம்? நீண்ட குழலை வேட்டி மடிப்பில் மறைக்க முடியாது. பாதுகாப்புச் சிந்தனை துப்பாக்கியின் நீளத்திலேயே தொடங்கிவிடுகிறது. உரிமம் கையில் இருப்பது விலங்கைக் கொல்லும் உரிமை ஆகாது. அதற்கு 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

நாட்டுப்புறத்தில் அதிகம் புழங்கிய வாய்க்கெட்டுத் துப்பாக்கியை முதலில் பார்ப்போம். குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, மேலே குண்டுகளைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். கரிமருந்து என்பது நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இதெல்லாம் உள்ளே இருந்தும் துப்பாக்கி வெடிக்காது. பின்புறத்துக் குமிழ் மீது 'கேப்பு' என்கிற, பட்டாணியைவிடச் சிறிய செப்புத் தொப்பியைப் பொருத்த வேண்டும். குதிரை அதன்மேல் விழுந்தால்தான் பொறி பிறக்கும். ஆக, ஆளுயரத் துப்பாக்கியின் உயிர் ஒரு சிறு தொப்பியில் இருக்கிறது. ஆனால் இந்த வகையில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஒருமுறை கெட்டித்துவிட்டால் மருந்தை எளிதில் வெளியே எடுக்க முடியாது. கெட்டித்தபடியே பரணில் மாட்டி வைத்த துப்பாக்கி, ஆண்டுகள் கழித்தும் வெடிக்கத் தயாராகவே இருக்கலாம்.

இரட்டைக்குழல் துப்பாக்கி இந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. கீலை விடுவித்து மடக்கினால் இரு குழல்களின் பின்வாயும் திறந்துகொள்ளும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். மேலும், குழல், முன்கட்டை, பின்கட்டை என்று மூன்று துண்டாக, கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே கழற்றலாம். துண்டுகளை வெவ்வேறு இடத்தில் வைத்தால் அங்கே இருப்பது துப்பாக்கி அல்ல, வெறும் இரும்பும் மரமும்தான். இதன் குழலை '12 போர்' என்பார்கள். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே குழலின் உள்விட்டம்: சுமார் 18.5 மில்லிமீட்டர்.

விசை எவ்வளவு இறுக்கமாக இருந்தால் குழந்தைக்கு ஆபத்து இல்லை? இந்தக் கேள்வியை அமெரிக்க மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து 1995இல் முடிவை வெளியிட்டார்கள். சந்தையில் இருந்த கைத்துப்பாக்கிகளில் பலவற்றின் விசையை இழுக்கும் விரல்வலு, 3, 4 வயதுப் பிள்ளைகளிலேயே நாலில் ஒருவருக்கு இருந்தது. 5, 6 வயதில் 70 விழுக்காட்டினருக்கும், 7, 8 வயதில் 90 விழுக்காட்டினருக்கும் இருந்தது. ஒரு விரலுக்குப் போதாத வலு, இரண்டு விரல் சேர்ந்தால் வந்துவிடுகிறது. 'சின்னப் பிள்ளையால் முடியாது' என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. துப்பாக்கியின் விசையை நம்பிப் பயனில்லை; அதற்கு வெளியே ஒரு தடை வேண்டும்.

அந்தத் தடையை இந்தியச் சட்டம் உரிமம் தருமுன்பே கேட்கிறது. 1962ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், விண்ணப்பிப்பவர் துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்றிதழைக் கொடுக்கச் சொல்கின்றன. பத்திரமாகப் பயன்படுத்துவேன், பத்திரமாக வைத்திருப்பேன் என்று உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு உரிமத்துக்கும் தேசியத் தரவுத்தளத்தில் ஒரு தனி அடையாள எண் உண்டு. 2019இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வீட்டில் ஒரு துப்பாக்கி குறைந்தால், காக்க வேண்டிய சாவியும் ஒன்று குறையும்.

சாவி என்றதும் செம்பட்டிக்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய திண்டுக்கல், பூட்டுக்கே பேர்போன ஊர். 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு, அலமாரிப் பூட்டு, ஷட்டர் பூட்டு என்று வகைவகையாக இங்கே செய்கிறார்கள். துப்பாக்கி வைக்கும் இரும்பு அலமாரிக்குத் தேவையான நுட்பம் முழுக்க இந்தப் பூட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது.

திண்டுக்கல் பூட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய தகடுகள் தெரியும். இவை நெம்புத்தகடுகள், பட்டறையில் 'லிவர்' என்பார்கள். ஒவ்வொரு தகட்டின் ஒரு முனையும் அச்சில் சுழலும். ஒரு சுருள்வில் அதைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். தகட்டில் ஒரு சிறு வாசல் வெட்டியிருக்கும். தாழ்ப்பாளில் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். சாவியின் பல் ஒவ்வொன்றும் தன் தகட்டைத் தனக்குரிய உயரத்துக்குத் தூக்குகிறது. ராஜகோபுரத்தடியில் நின்றால் எல்லா வாசலும் ஒரே கோட்டில் அமைந்து கருவறை விளக்கு தெரியுமே, அதுபோல எல்லாத் தகடுகளின் வாசல்களும் ஒரே கோட்டில் வந்து நின்றால் மட்டும் முளை நுழையும், தாழ்ப்பாள் நகரும். ஒரு தகடு மயிரிழை தாழ்ந்தாலும் வழி அடைபடும். கூடுதலாக உயர்ந்தாலும் அடைபடும். 'குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு' என்ற இந்த யுக்தியை 1778இல் ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் பதிவு செய்தார்.

இதன் கணக்கு மலைக்க வைக்கும். ஒரு தகட்டுக்கு 6 உயரங்கள் சாத்தியம் என்று வைத்துக்கொள்வோம். 6 தகடு போட்டால் 46,656 விதமான சாவிகள். இன்னும் இரண்டே தகடு கூட்டி 8 ஆக்கினால் 16,79,616. 2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்ட மக்கள்தொகை சுமார் 21.6 லட்சம். மாவட்டத்தில் நாலில் மூன்று பேருக்கு மேல், ஆளுக்கொரு வேறு சாவி கொடுத்துவிடலாம். பட்டறையில் இந்த உயரங்கள் அத்தனையும் பயன்படுவதில்லை என்றாலும், இரண்டு தகடு கூடியதும் எண்ணிக்கை 36 மடங்கு பெருகுவதைக் கவனியுங்கள்.

அப்படியானால் திறக்க முடியாத பூட்டு உண்டா? 1818இல் ஜெரமையா சப் என்பவர், கள்ளச்சாவி போட்டால் காட்டிக்கொடுக்கும் பூட்டைச் செய்தார். ஏதேனும் ஒரு தகடு அளவுக்கு மீறி உயர்ந்தால் அது அங்கேயே மாட்டிக்கொள்ளும்; அடுத்து உரிமையாளர் தன் சாவியைப் போடும்போதே, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். திண்டுக்கல் மணிப்பூட்டு இன்னொரு வழியில் அதே காவலைச் செய்கிறது: சாவி திரும்பினால் மணி ஒலிக்கும், வீட்டுக்கே கேட்கும். ஆனாலும் 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சப்பின் பூட்டை சுமார் 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் எல்லாத் தகடும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் அமைவதில்லை. தாழ்ப்பாளை லேசாக நெருக்கினால் ஒரு தகடு மற்றவற்றுக்கு முன்பே இறுகும், அந்த வேறுபாடுதான் விரலுக்குத் துப்புச் சொல்லும். ஹாப்ஸ் காட்டிய உண்மை இதுதான்: பூட்டு விற்பது நேரத்தை. நல்ல பூட்டு அதிக நேரம் விற்கிறது.

அந்த நேரம் எதற்கு உதவுகிறது? 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை அளந்தது. துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, தோட்டா இல்லாமல் வைப்பது, தோட்டாவைப் பூட்டி வைப்பது, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைப்பது என நான்கு பழக்கங்களை அது ஒப்பிட்டது. சிறுவர்களும் பதின்வயதினரும் துப்பாக்கியால் விபத்திலோ தங்களைத் தாங்களேயோ காயப்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு, இந்த நான்கில் ஒவ்வொன்றோடும் குறைந்தே காணப்பட்டது. துப்பாக்கி பூட்டியிருந்த வீடுகளில் அந்த வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். ஆத்திரமோ விரக்தியோ உச்சியில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். ஓர் அலமாரியைத் திறந்து, துண்டுகளைப் பொருத்தி, இன்னோர் அறையில் தோட்டாவைத் தேடி எடுக்க ஒரு நிமிடம் ஆகிறது என்று கொள்ளுங்கள். நொடியில் நூறில் ஒரு பங்கை அது 6,000 மடங்கு நீட்டிவிட்டது. அந்த இடைவெளியில் மனம் மாறலாம். யாராவது அறைக்குள் வந்துவிடலாம்.

தோட்டாவுக்குள் இருக்கும் மருந்துக்கும் இருப்பிடம் முக்கியம். இக்காலத் தோட்டாவின் புகையில்லா மருந்து நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. அது தானாகவே மெல்லச் சிதையும். சிதைவில் பிறக்கும் அமிலம் சிதைவை இன்னும் விரைவுபடுத்தும். அதைத் தடுக்க, அந்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வேதிப்பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். இதற்கு நிலைப்படுத்தி என்று பெயர். வெப்பம் ஏற ஏற இந்தக் காவலாளி சீக்கிரம் செலவாகிவிடுவார். கரிமருந்தின் கதை வேறு: எரிந்தபின் குழலில் தங்கும் உப்புப் படிவு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால்தான் மருந்துக்குக் குளிர்ச்சியும் துப்பாக்கிக்கு உலர்வும் வேண்டும். இந்த வட்டாரத்துக்கு இந்த அறிவு பழையது. 1755இல் திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக, அதாவது படை ஆளுநராக, வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர் உதவியோடு இங்கே படைக்கலச் சாலை அமைத்தார். மலைக்கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கை இன்றும் காணலாம்.

வாகனத்தில் வைத்தால்? அங்கே இரண்டு எதிரிகள். முதலாவது வெயில்: பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரிக்கு மேல் சூடு ஏறிவிடும். சித்திரை மதியம் 40 டிகிரி என்றால் உள்ளே 60. தோட்டா அதில் வெடிக்காது, ஆனால் மருந்தின் ஆயுள் வேகமாகக் கரையும். இரண்டாவது எதிரி திருட்டு. கார்க் கண்ணாடி சில நொடிதான் தாங்கும். பொது இடத்தில் துப்பாக்கியை முழுதும் மூடிய உறையில், தன் கட்டுப்பாட்டிலேயே வைத்து எடுத்துச்செல்ல வேண்டும் என்கின்றன 2016 விதிகள். டீ குடிக்க இறங்கும்போது பின்சீட்டில் விட்டுப் போனால் அந்தக் கட்டுப்பாடு எங்கே? அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2025 ஜனவரி முதல் இதற்கென்றே சட்டம் வைத்திருக்கிறது: ஆளில்லாத வாகனத்தில் கைத்துப்பாக்கி இருந்தால், அது கண்ணுக்குத் தெரியாதபடி பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், வாகனமும் பூட்டியிருக்க வேண்டும்.

தேர்தல் வந்தால் நம் நாட்டில் இன்னும் பெரிய பூட்டு ஒன்று இறங்குகிறது. தேதி அறிவித்ததும், விலக்குப் பெற்றவர்கள் தவிர்த்து, உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. ஏறக்குறைய 80 நாள். அதன் பிறகே துப்பாக்கி வீடு திரும்பும். தேர்தல் இல்லாத நாளிலும், நெடுநாள் வெளியூர் போகிறவர் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ துப்பாக்கியைப் பாதுகாப்புக்காக ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள விதியில் இடமுண்டு. பலருக்கும் தெரியாத நல்ல வசதி இது.

உலகின் மற்ற மூலைகளிலும் இதே கோட்பாடுதான். ஜப்பானில் துப்பாக்கிக்கு ஒரு பெட்டி, தோட்டாவுக்கு வேறொரு பெட்டி. போலீஸ் ஆண்டுதோறும் சோதிக்கும். ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனியே பூட்டியிருக்க வேண்டும் என்று மாநிலங்கள் எல்லாம் கூடி ஒப்புக்கொண்டன. மொழி வேறு, ஊர் வேறு. எல்லாரும் வந்து சேர்ந்த முடிவு ஒன்று. துப்பாக்கி, தோட்டா, சாவி மூன்றும் ஒரே நொடியில் ஒரே கையில் சேரக் கூடாது.

நம் விதிகள் உறுதிமொழி கேட்பதோடு நிற்காமல், பூட்டு எத்தனை லிவர், அலமாரி சுவரோடு பொருத்தியதா, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி உண்டா என்று அளவுகோல் வைத்துக் கேட்கலாம். அந்த அளவுகோலுக்குப் பொருந்தும் அலமாரியை நம் மாவட்டத்துப் பட்டறைகளே செய்து தர முடியும். கைத்திறன் இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் உரிமத் துப்பாக்கி இருப்பவர்கள் இன்றே அதைத் திறந்து காலியா என்று பார்த்து, கழற்றி, பூட்டி, தோட்டாவை வேறு அறைக்கு மாற்றி, சாவியைப் பெரியவர் ஒருவரின் மடியில் வைத்துவிடலாம். அரை மணி நேர வேலை. பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும்வரை காக்கும்.