குளம் உறையாத ஊரில் பனி அறுவடை

வங்காளத்து மண்சட்டியை அமெரிக்க ஏரி வீழ்த்திய கதை

பெஹாலாவின் குளங்கள் உறைவதில்லை. ஜனவரியில் பாதரசம் 10 டிகிரியை நெருங்கினாலே தெற்குக் கொல்கத்தாவாசிகள் மங்கி குல்லாயைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். தண்ணீர் கட்டியாக இன்னும் 10 டிகிரி இறங்க வேண்டும். ஆனால் 18-ம் நூற்றாண்டிலேயே கொல்கத்தா வட்டாரத்தில் பனிக்கட்டி தயாரானது. இயந்திரம் எதுவும் இல்லாமல்!

அந்த முறையை ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். திறந்தவெளியில் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம். அதில் கரும்புச் சக்கை அல்லது சோளத்தட்டை. மேலே, வரிசை வரிசையாக மெல்லிய மண்சட்டிகள். அந்தியில் தண்ணீர் ஊற்றினால், விடியுமுன் பனிக்கட்டி. காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருந்தபோதும் இது நடந்தது.

ரகசியம் வானத்தில் இருக்கிறது. மேகமற்ற, வறண்ட இரவில் தண்ணீர் தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிராக இழந்துகொண்டே இருக்கும். தரையின் சூடு ஏறாமல் சக்கை தடுக்கும். குளத்தில் இது பலிக்காது. அங்கே குளிர்ந்த மேல்நீர் கனத்துக் கீழே இறங்க, அடிநீர் மேலே வரும். குளம் முழுவதும் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேற்பரப்பு உறையத் தொடங்கும். சட்டியில் இருப்பதோ விரற்கடைத் தண்ணீர்.

பாஸ்டன் பக்கத்து ஏரிகளுக்கு அந்த 4 டிகிரி பெரிய விஷயமில்லை. வாரக்கணக்கில் குளிர் நீடிக்க, பனித்தகடு கீழ்நோக்கித் தடித்துக்கொண்டே போகும். குளிர்காலம் முடிந்து தகடு உடையும்போது பலத்த காற்று அடித்தால், துண்டுகள் கரையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவியும். ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி அதுவரை காத்திருக்கவில்லை. நடுக்குளிரில் ஏரியைப் பாளம் பாளமாக வெட்டினார். 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் ஏறத்தாழ 180 டன்னுடன் கிளம்பியது. நான்கு மாதம் கழித்துக் கொல்கத்தாவில் நின்றபோது ஏறத்தாழ 100 டன் மிச்சம்!

கண்ணாடிபோல் கெட்டியான இந்தச் சரக்குக்கு முன் ஹூக்ளியின் மெல்லிய, சேறுபோன்ற பனி எடுபடவில்லை. அந்தியில் சட்டி நிரப்பி, விடியலில் பனி வழித்தவர்களின் தொழில் மெல்ல மறைந்தது. பின்னர் ஐஸ் இயந்திரங்கள் வந்து டியூடர் வகையறாவையும் காலிசெய்தன. சென்னைக் கடற்கரையில் 1842-ல் எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம்.

ஆனால் சட்டியின் பாடம் மறையவில்லை. 2014-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஸ்வத் ராமன் குழு, மின்சாரமே இல்லாமல், நேர் வெயிலிலேயே சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிரும் தகட்டைச் செய்துகாட்டியது. காரணம் அதே வானம்தான். மே மாதப் புழுக்கத்தில் பெஹாலா மொட்டைமாடிகளில் இது எந்த அளவுக்கு எடுபடும் என்பதுதான் கேள்வி. ஈரக்காற்று வெப்பத்தை வெளியே விடாது. ஹூக்ளிக்காரர்கள் குளிர்காலத்தின் வறண்ட இரவுக்காகக் காத்திருந்ததும் அதனால்தான்.