நாளுக்கோர் ஏடு

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, கடனீரேரியின் கரையில் அமைந்த கொழும்புத்துறையிலே பங்குனி மாதத்து ஆயிலிய நட்சத்திரத்துக்குத் தனிச் சிறப்புண்டு. அவ்வூரில் ஒரு சிறு குடிலில் நெடுங்காலம் உறைந்த யோகர் சுவாமிகள், 1964ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்த நட்சத்திரத்திலேயே சிவபதம் எய்தினார். அவருடைய குருபூசைத் தினத்தில் தூபதீபங்களுக்கு எவ்வளவு இடமுண்டோ அவ்வளவு இடம் நற்சிந்தனைப் பாராயணத்துக்கும் உண்டு. சுவாமிகள் அவ்வப்போது பாடியவையும் சொல்லியவையும் அருகிருந்த அடியார்களால் குறிக்கப்பெற்று, 1935இல் தொடங்கிய 'சிவதொண்டன்' இதழ் வாயிலாக வெளிவந்து, நற்சிந்தனை என்னும் நூலாயின. ஒரு மகானை நினைக்கும் நாளில் அவருடைய வாக்கையே ஓதுவதினும் பொருத்தமான வணக்கம் வேறென்ன இருக்கக்கூடும்?

ஆண்டின் ஒரு நாளுக்கென்று சரித்திரத்திலிருந்தோ இலக்கியத்திலிருந்தோ ஒரு சிறு பகுதியை நியமித்து, அந்த நாள் வந்ததும் அதனை எடுத்து ஓதுதல் நம்மவர்க்குப் பழகிய வழக்கமே. சேக்கிழார் பாடிய நாயன்மார் அறுபத்துமூவருக்கும் தனித்தனியே ஒரு மாதமும் ஒரு நட்சத்திரமும் உரியன. சித்திரைச் சதயம் அப்பருக்கும், வைகாசி மூலம் சம்பந்தருக்கும், ஆடிச் சுவாதி சுந்தரருக்கும், தை மிருகசீரிடம் கண்ணப்பருக்கும் உரியனவாக, ஆண்டு முழுவதுமே பெரியபுராணத்தின் பொருளடக்கமாக விரிகின்றது.

இந்நாட்களைக் கணிப்பதிலும் ஒரு நுட்பமுண்டு. சந்திரன் ஒரு நட்சத்திரத்தை விட்டு மீண்டும் அதனையே அடைய ஏறத்தாழ 27 நாளும் 8 மணித்தியாலமும் செல்லும். நம்முடைய சூரியமாதமோ 29 முதல் 32 நாள் வரை நீள்வது. ஆதலால் எந்த நட்சத்திரமும் மாதத்துக்கு ஒருமுறையேனும் தவறாது வர, சில நட்சத்திரங்கள் இருமுறையும் வந்துவிடுகின்றன. அவ்விரண்டில் எதனைக் கொள்வது என்று சொல்வது பஞ்சாங்கத்தின் வேலை. கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தை யாழ்ப்பாணத்தார் புரட்டிப் பார்ப்பது முகூர்த்தத்துக்காக மட்டுமன்று.

நாயன்மார் நாட்களோடு யாழ்ப்பாணம் நின்றுவிடவில்லை. கார்த்திகைத் தேய்பிறைப் பிரதமை முதல் மார்கழி வளர்பிறைச் சஷ்டி வரையுள்ள இருபத்தொரு நாளும் பெருங்கதை விரதம். இருபத்தோரிழை நூற்காப்பை ஆடவர் வலக்கையிலும் மகளிர் இடக்கையிலும் கட்டிக்கொண்டு, கோயிலிற் கூடிப் பிள்ளையார் கதை கேட்பர். அக்கதையைப் பாடிய சுன்னாகத்து வரதபண்டிதரே சிவராத்திரிப் புராணத்தையும் ஏகாதசிப் புராணத்தையும் இயற்றினார். விரத நாட்களுக்கென்றே ஒரு புலவர் நூல்செய்தார் என்பது எத்துணைப் பெருமை! திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணமும், சித்திரா பௌர்ணமியில் சித்திரபுத்திரனார் கதையும் படிக்கப்பெறும்.

படிக்கும் முறையும் கவனித்தற்குரியது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். அருகிலிருப்பவர் அதனைப் பதம் பிரித்து, பொருள் விரித்து, கேட்போர் வாழ்க்கைக்கு இசையும்படி எடுத்துரைப்பார். இதனைப் 'பயன் சொல்லுதல்' என்பர். பதினாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களையுடைய கந்தபுராணம், ஏடறியாத உழவனுக்கும் மனப்பாடமானது இந்தப் பயனாலேதான். இதனையே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 'கந்தபுராண கலாசாரம்' என்று போற்றினார். ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டபோது, பயன் சொல்வார் இல்லாத இல்லத்திலும் நாயன்மார் சரிதம் ஒலிக்க வழி பிறந்தது. அவருக்கும் இன்று கார்த்திகை மகம் குருபூசை நாளாயிற்று.

இவ்வழக்கம் சைவர்க்கு மட்டும் உரியதன்று. கொழும்புத்துறையிலேயே கத்தோலிக்கரின் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடமும் உண்டு. குருக்கள் நாள்தோறும் ஓதும் திருச்சபைச் செபநூலில், திருநாட்களுக்கு அந்தந்தப் புனிதரின் எழுத்திலிருந்தோ சரிதத்திலிருந்தோ ஒரு வாசகம் அமைந்திருக்கும். டிசம்பர் 3ஆம் நாளாகிய சவேரியார் திருநாளின் வாசகம், முத்துக்குளித்துறைக் கரையின் தமிழ்க் கிராமங்களில் தாம் கண்டவற்றை அவர் தம் சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு எழுதிய மடல்களிலிருந்து எடுக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டுத் தமிழ்க் கரையின் செய்தியொன்று, அந்த ஒரு நாளிலே உலகெங்கும் பல மொழிகளில் வாசிக்கப்படுகின்றது.

இவ்வழக்கத்தின் பலம் இரண்டு: வாசகம் சிறிதாயிருத்தல், நாள் நிச்சயமாயிருத்தல். பெரிய நூலைப் பிறகு படிக்கலாமென்று ஒத்திவைக்கும் மனம், இன்றைக்கென்று குறித்த ஒரு பக்கத்தை ஒத்திவைக்க நாணுகின்றது. தனியே படித்தவன் மறந்துவிடினும், ஊர் கூடி ஆண்டுதோறும் கேட்டதை அடுத்த தலைமுறை மறப்பதில்லை. ஆனால் இந்நாளில், சுவரிலே தொங்கும் கலண்டர்த் தாளில் 'கண்ணப்ப நாயனார் குருபூசை' என்றோர் அடி அச்சாகியிருக்க, கண்ணப்பர் யாரென்று வினவும் பிள்ளைக்கு விடைசொல்ல வீட்டில் ஆளில்லாத குறையைக் காண்கின்றோம். நாட்குறிப்பு நிலைத்து, அதற்குரிய வாசிப்பு மட்டும் கழன்றுவிட்டது.

அதனை மீட்பது அரிய காரியமன்று. சமயப் பெரியார் நாட்களோடு புலவர், அறிஞர் நினைவு நாட்களையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க வாசகத்தைப் பள்ளிக்கூடமும் வாசிகசாலையும் தேர்ந்து வைக்கலாம். வீட்டிலே பிள்ளை வாசிக்கட்டும். பெரியவர் பயன் சொல்லட்டும். வாசித்த பிள்ளையே பயன் சொல்லத் துணியும் காலம் வரும்போது, நூல் தன் அடுத்த காவலரைப் பெற்றுவிடும்.