உங்களுக்குத் தெரியுமா? 1981-இல் பிறந்த கோப்பு இன்றும் திறக்கும்!

ஹப்பிள், ஜேம்ஸ் வெப், இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவுகள் ஒரே வகைக் கோப்பில்தான் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. அதன் பெயர் ஃபிட்ஸ்.

1970-களில் ஒவ்வொரு வானாய்வகக் கணினியும் தனி வழியில் தரவைப் பதிந்தது. ஓரிடத்துக் காந்த நாடாவை இன்னோரிடத்தில் படிப்பது பெரும்பாடு. இதைத் தீர்க்க அமெரிக்க, நெதர்லாந்து வானியலாளர்கள் இணைந்து ஃபிட்ஸ் என்ற பொது வடிவத்தை உருவாக்கினார்கள். அதன் விவரம் 1981-இல் வெளியானது. மறு ஆண்டே பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது.

கோப்பு 2,880 பைட் கொண்ட கட்டங்களாக அமைந்திருக்கும். ஏன் இந்த விசித்திர எண்? அதிலுள்ள 23,040 பிட்கள் 8, 36, 60, 64 என அக்காலக் கணினிகளின் வெவ்வேறு சொல் நீளங்களால் மீதியின்றி வகுபடும். எந்தக் கணினியையும் ஒதுக்காத அந்த அக்கறை வியக்க வைக்கிறது.

கோப்பில் உள்ள படத்துக்கு முன்னால் ஒரு தலைப்புப் பகுதி உண்டு. ஒவ்வொரு வரிக்கும் துளை அட்டையைப் போலவே 80 எழுத்துகள். எந்தத் தொலைநோக்கி, எந்த நாள், எவ்வளவு நேரம் ஒளி சேர்த்தது என்ற விவரங்களை அதில் எழுதிவைக்கலாம். சிறப்பு மென்பொருள் இல்லாமல் கண்ணாலேயே படித்துவிடலாம்!

இன்னொரு உறுதியான விதி: புதிய திருத்தம் எதுவும் பழைய கோப்புகளைச் செல்லாததாக்கக் கூடாது.

இந்த நம்பகத்தன்மைக்காகவே வத்திக்கான் நூலகமும் தன் பழஞ்சுவடிகளின் மின்படிகளை ஃபிட்ஸ் வடிவில் பாதுகாக்கிறது.