மரியாதை தெரிந்த சேவல்

உத்தியோக நிமித்தம் பிற மாநிலங்களுக்கு வந்து, ரயில்வே குடியிருப்புகளிலும் தொழிற்சாலை நகரங்களிலும் சர்க்கார் வீடுகளிலும் வசிக்கும் நம்மவருள், வீட்டின் பின்புறம் சிறிது நிலம் கிடைத்தால் கீரைப் பாத்தி போடுவோரும் நாலைந்து கோழி வளர்ப்போரும் பலர். கீரைப் பாத்தியால் அண்டை வீட்டாருடன் மனத்தாங்கல் உண்டாவதில்லை, சேவலால் உண்டாகக்கூடும். வேற்று மொழி வழங்கும் ஊரில் அண்டை வீட்டாரே நமக்கு உற்றார். ஆதலால் சேவலின் குணத்தை அதன் இளமையிலேயே அறிந்துகொள்வது அவசியமாகும்.

நாங்கள் நாக்பூருக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டில், சந்தையில் ஒரே ஒரு குஞ்சு வாங்கினோம். மார்கழிக் குளிருக்கு அஞ்சி அதை வீட்டுக்குள் பெட்டியில் வைத்து வளர்த்தோம். குழந்தைகள் மடியில் வைத்துக் கொஞ்சினர். உள்ளங்கையில் தானியம் ஊட்டினர். ஐந்தாம் மாதத்தில் அச்சேவல், அடுத்த வீட்டுச் சிறுவனின் கெண்டைக்காலில் பாய்ந்து இரத்தம் வரக் கொத்திவிட்டது. அவ்வீட்டு அம்மையாரை எங்கள் குழந்தைகள் ‘காகூ’ என்று அழைப்பது வழக்கம். அன்று முதல் சில வாரங்கள் அவர் எங்களுடன் பேசவில்லை. சாதி கெட்ட சேவல் என்று நாங்கள் கோழியின்மேல் பழி போட்டோம். பிழை பெரும்பாலும் எங்களுடையதே என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம்.

தன் இனத்தாரோடு சேராமல் மனிதர் கையில் தனியே வளரும் சேவற்குஞ்சு, மனிதரையே தன் கூட்டமாகக் கருதிவிடுகிறது. பருவம் வந்ததும், தன் கூட்டத்தில் யார் பெரியவர் என்பதைச் சண்டையிட்டுத் தீர்த்துக்கொள்ள முற்படுகிறது. மிகுந்த செல்லமே பகையாக முடிவதன் காரணம் இதுதான். பெரிய கோழிகளிடையே வளரும் குஞ்சுக்கோ, எல்லை மீறும்போதெல்லாம் முதிர்ந்த பெட்டைகள் ஒரு கொத்துக் கொடுத்து அடக்கம் கற்பிக்கின்றன.

இனி, குஞ்சுகளுள் சேவல் எது என்று காணும் வழியைச் சொல்வோம். பிறந்த அன்றே பிரித்தறிவது பயிற்சி பெற்றோர்க்கே இயலும். ஆறு முதல் எட்டு வாரங்களில் சேவற்குஞ்சின் கொண்டை பெருத்துச் சிவக்கத் தொடங்கும், கால்கள் தடித்திருக்கும், நிமிர்ந்து நிற்கும். ஆயினும் கொண்டையை மட்டும் நம்பலாகாது. அசீல் இனத்துக்குக் கொண்டை சிறியது. மத்தியப் பிரதேசத்துக் கடக்நாத் கோழிக்கு அது கருமை படர்ந்தது. மூன்று நான்கு மாதங்களில் தோன்றும் இறகே உறுதியான அடையாளம். கழுத்திலும், வாலை ஒட்டிய முதுகிலும் இறகுகள் நீண்டு, நுனி கூராகி, பளபளப்புடன் தொங்கினால் அது சேவல். பெட்டைக்கு அவ்விறகுகளின் நுனி வட்டமாயிருக்கும்.

குணத்தை அறியச் சில நாள் பொறுமையாகக் கவனித்தல் வேண்டும். நல்ல சேவல், தானியம் கண்டால் தான் விழுங்காமல் கொக்கரித்துப் பெட்டைகளை அழைத்து அவற்றைத் தின்னவிடும். வானில் பருந்து வட்டமிட்டால் ஒரு குரலும், தரையில் பூனை வந்தால் வேறொரு குரலும் எழுப்பி எச்சரிக்கும். மனிதர் வரும்போது அஞ்சி ஓடாமலும் எதிர்த்து வராமலும் சற்றே விலகி வழிவிடும். மாறாக, ஓர் இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடந்து நம்மைச் சுற்றுவதும், செருப்பைக் கொத்துவதும், நாம் திரும்பியதும் பின்னே ஓடிவருவதும் தீய குறிகள். அவற்றை விளையாட்டு என்று எண்ணி நகைப்பது பெருந்தவறு. ஆயினும், இளஞ்சேவல்கள் பருவம் வரும் வேளையில் பெட்டைகளிடம் சற்று முரட்டுத்தனம் காட்டுவது இயல்பே; ஓராண்டு நிறையும் வரை அதுபற்றி முடிவான தீர்ப்பு வேண்டா.

வளர்க்கும் முறையும் எளிதே. தீனியைக் கையில் ஊட்டாமல் தரையில் தூவுக. சேவல் வழியில் நின்றால் நாம் சுற்றிச் செல்லாமல், நிதானமாக நேரே நடந்து அதை விலகச் செய்க. அது பாய்ந்தால் உதைக்கலாகாது. உதை என்பது சண்டைக்கு நாம் இசைந்ததாகவே அதற்குத் தோன்றும். பின்வாங்கவும் கூடாது, பின்வாங்கினால் தான் வென்றதாக எண்ணும். அசையாது நின்று, பின்னர் இறக்கைகள் அடங்குமாறு கக்கத்தில் இடுக்கி, அது அமைதியுறும் வரை வைத்திருந்து இறக்கிவிடுக. சேவலின் பாய்ச்சல் சிறு குழந்தைகளின் முகத்தளவுக்கு எழுமாதலால், அவர்களைத் தனியே அதனருகில் விடலாகாது.

முட்டைக்காகச் சேவல் வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். சேவல் இன்றியே பெட்டைகள் முட்டையிடும்; குஞ்சு பொரிக்கவே சேவல் தேவை. எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். சேவல் கூவுவது வெளிச்சத்தைக் கண்டு மட்டுமன்று, தன் உடலினுள் இயங்கும் கடிகாரத்தாலுமே என்பதை 2013-ஆம் ஆண்டில் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆகவே இருட்டான கூண்டு கூவுதலை முற்றிலும் நிறுத்தாது. அண்டை வீட்டாரிடம் முன்னரே சொல்லி அவர்கள் இசைவைப் பெறுவதும், குடியிருப்பு விதிகளைக் கேட்டறிவதும் நலம். வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து வேண்டுவோர், வடநாட்டுக் கால்நடை மருத்துவமனைகளில் ‘ராணிகேத்’ என்று கேட்க வேண்டும்.

இத்தனையும் செய்து மாதங்கள் கடந்த பின்னும் மனிதர்மேல் பாயும் சேவலைக் குஞ்சு பொரிக்க வைத்துக்கொள்ளலாகாது. அக்குணம் சந்ததிக்கும் செல்லக்கூடும். அதன் குணத்தை மறைத்துப் பிறர் தலையில் கட்டுவதும் முறையன்று.

எங்கள் முதற்சேவலைத் திருத்தும் காலம் கடந்துவிட்டது. உண்மையைச் சொல்லியே அதை அப்புறப்படுத்தினோம். அடுத்ததை ஐந்து பெட்டைகளோடு முற்றத்திலேயே வளரவிட்டோம். அதற்குச் செல்லப் பெயர்கூட வைக்கவில்லை. சென்ற கோடையில் காகூ வேலியருகே வந்து, அடைவைக்க ஆறு முட்டைகள் கேட்டார். “உங்கள் முர்கா நல்லவன்” என்றார். நாங்கள் எட்டாகக் கொடுத்தோம்.