கொழுப்பு குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

“கொழுப்பு அளவு சரியாகிவிட்டது, அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டோம்.” எளாவூர், கும்மிடிப்பூண்டி சுற்றுப்புறங்களிலிருந்து வரும் முதியோரும் அவர்தம் பிள்ளைகளும் எங்களிடம் அடிக்கடி கூறும் சொற்கள் இவை. அவ்வாறு நிறுத்தியவர்களுள் சிலர் மறுமுறை வருவது நெஞ்சுவலியோடுதான். ஆகவே இதனைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலின் பெரும்பகுதி உணவிலிருந்து நேரே வருவதன்று. நம் உடலே அதனை உற்பத்தி செய்கிறது. கல்லீரலில் நிகழும் அவ்வுற்பத்தியைக் குறைப்பவையே ஸ்டாட்டின் மருந்துகள். ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து இவ்வகை மருந்தை முதன்முதலில் பிரித்தெடுத்தார். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கெட்ட கொழுப்பு பழைய அளவுக்கு ஏறிவிடும். பரிசோதனையில் அளவு சரியாக இருப்பது, மருந்து வேலை செய்கிறது என்பதற்கான சான்றே. நோய் நீங்கியதற்கான சான்றன்று.

மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களுக்கும் கெட்ட கொழுப்பு 70 மில்லிகிராமுக்குக் கீழும், சிலருக்கு 50க்குக் கீழும் இருத்தல் வேண்டும். இவர்களுக்கு வயது எதுவாயினும் மருந்து தொடர வேண்டும். இதயநோய் ஏதுமின்றி 75 வயதைக் கடந்தவர்களுக்குப் புதிதாக மருந்து தொடங்குவதா என்பதை, சர்க்கரை நோய், சிறுநீரகத்தின் நிலை, பொதுவான உடல்நலம் ஆகியவற்றை ஆராய்ந்தே முடிவு செய்கிறோம்.

தசைவலி தோன்றினால் தாமாக மருந்தை நிறுத்தாமல் எங்களிடம் கூறுங்கள். தைராய்டு குறைபாடும் அவ்வலிக்குக் காரணமாகலாம். அளவைக் குறைக்கவும் வேறு மருந்துக்கு மாறவும் வழியுண்டு. ஆனால் கடும் வலியுடன் சிறுநீர் கருமையாகப் போனால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் ஸ்டாட்டினுடன் சேர்ந்தால் தீங்கு விளையலாம். எனவே எந்த மருத்துவரிடம் சென்றாலும் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

உணவிலும் கவனம் தேவை. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. அதனைக் குறைத்து, கடலெண்ணெய் அல்லது நல்லெண்ணெயை அளவோடு பயன்படுத்தலாம். பழவேற்காட்டு மீன் நல்லதே; அதனைப் பொரிக்காமல் குழம்பாக உண்ணுங்கள். பீடி, சிகரெட்டை அறவே விடுங்கள். இயன்றவரை நாள்தோறும் அரைமணி நேரம் நடங்கள்.

வீட்டிலுள்ளோருக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். மருந்து தொடங்கிய 4 முதல் 12 வாரங்களுக்குள் ஒருமுறையும், பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியிலும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் தோன்றினால் காத்திராமல் 108ஐ அழையுங்கள். தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மருந்துகள் தரப்படுகின்றன. ஆஸ்பிரின், குளோபிடோகிரெலுடன் அவற்றுள் ஒன்றாக இருப்பது அட்டோர்வாஸ்டாட்டின். பலர் வீட்டில் நிறுத்திவிடும் அதே மாத்திரைதான்.